நான்கு ஊசிகளும் ஒரு வெள்ளாட்டுத் தொடையும்

சென்ற மாதம் சர்க்கரை பார்ப்பதற்காக ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். எடை பார்க்கும் புதுக் கருவி ஒன்று அங்கே இருந்தது. வெறுங்காலோடு ஏறி நின்றால் எடையோடு, உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதையும் சொல்லுமாம். நான் ஏறப் போனபோது அங்கிருந்த நர்ஸ் பெண், "கால ஈரமில்லாமத் துடைச்சிட்டு ஏறுங்க ஐயா" என்றார். ஏன் என்று கேட்டேன்.

"அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காவ."

காரணத்தை நான் சொன்னேன். அந்தக் கருவி ஒரு காலில் துளி மின்சாரத்தை விட்டு மறு காலில் வாங்குகிறது. வழியில் உடம்பு எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து, அதை வைத்துக் கணக்குப் போடுகிறது. பாதத்தில் ஈரம் இருந்தால் அந்த ஈரமும் அளவுக்குள் புகுந்துகொள்ளும். எங்கே படித்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்டார். கறிக்கடையில் என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தேவதானம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன் பிறகு ராஜபாளையத்தில் மில்லில் பஞ்சுத் தூசி கூட்டினேன், ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரியோடு ஆந்திரா சுற்றினேன், மதுரையில் முலாம் பூசும் பட்டறையில் நின்றேன், கோயம்புத்தூரில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டினேன். எந்த வேலையிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. சாப்பாடு இல்லாத நாட்கள் இருந்தன. இல்லை, அவ்வளவுதான்; அதில் எழுத ஒன்றுமில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் ராஜபாளையத்துக்கே திரும்பி வந்து ஒரு காயில் கட்டும் கடையில் சேர்ந்தேன்.

அந்தக் கடைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமிருந்த ஒரு கல்லூரியிலிருந்து எரிந்துபோன டிரான்ஸ்பார்மர் ஒன்று வந்தது. சரி செய்து கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். ஆய்வகத்துக்குள் நுழைந்தால், ஒரு பெண் ஆட்டுக்கறித் துண்டில் இரண்டு ஊசிகளைக் குத்தி வைத்துக்கொண்டு மீட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர்.

"கறிக்கு எதுக்கும்மா கரெண்டு?" என்று கேட்டேன்.

"எம்புட்டுத் தடுக்குதுன்னு பாக்கேன். நேத்து ஒண்ணு சொல்லுது, இன்னைக்கு வேற ஒண்ணு சொல்லுது."

"ரெண்டு ஊசிலயே கரெண்ட விட்டு, அதுலயே அளந்தா அப்படித்தான் இருக்கும். ஊசி கறியத் தொடுற எடத்துலயே பாதி தடுத்துரும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

காயில் கட்டுகிறவனுக்குத் தெரியும். தடித்த கம்பிச் சுருளை அளக்கும்போது இணைப்பு வயரின் தடையும் சேர்ந்துகொள்ளும். அதனால் மின்சாரம் விட ஒரு ஜோடி, அளக்க வேறொரு ஜோடி வைப்போம். அதைச் சொன்னேன். நான்கு ஊசி முறை புத்தகத்தில் இருக்கிறது என்றும், செய்து கொடுக்க ஆள்தான் இல்லை என்றும் அவர் சொன்னார். அடுத்த வாரம் அங்கே தற்காலிக ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். ஆய்வேடு முடியும்வரை வேலை, முடிந்தால் கிடையாது.

அவர் பெயர் எஸ்தர். நாங்கள் மேடம் என்போம். கூமாப்பட்டிக்காரர். வெள்ளாட்டுத் தொடைத் தசை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று நம்பும்படி அளந்து சொல்வதுதான் அவருடைய முனைவர் பட்டத்துக்கான வேலை. தசை வீங்கினாலோ, இரத்த ஓட்டம் குறைந்தாலோ இந்தத் தடை மாறும். நல்ல தசையின் அளவு சரியாகத் தெரிந்தால்தான் கெட்டதைக் கண்டுபிடிக்கக் கருவி செய்ய முடியும். அவருக்கு வழிகாட்டி துறைத் தலைவர். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவரைப் பெரிய சார் என்போம். அடுத்த மே மாதம் அவருக்கு ஓய்வு. அதற்குள் அவர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. இல்லையென்றால் மேடம் வேறு வழிகாட்டி தேடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு அவர் வீட்டில் விடமாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பெரிய சார் சுத்த சைவம். மேசையிலிருந்து நாலடி தள்ளியே நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு நாங்கள் எண்ணைப் படிப்பதைக் கேட்பார். படித்து முடித்ததும் ஒரே வார்த்தை: "மறுபடி?" திரும்ப அளப்போம். எண் மாறினால் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவார். எது மறுபடி மறுபடி ஒரே மாதிரி வருகிறதோ அதுதான் உண்மை என்பது அவர் கொள்கை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஊசி செய்யவே ஒரு மாதம் ஆனது. எஃகு ஊசியில் எண் நிலையாக நிற்கவில்லை. வெள்ளிக் கம்பி வாங்கி, நான்கு சம துண்டாக வெட்டி, உப்புத் தண்ணீரில் முக்கி டார்ச் பேட்டரியால் மின்சாரம் விட்டேன். முலாம் பட்டறையில் கற்ற கை. வெள்ளி மேல் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு படலம் பிடித்ததும் எடுத்தேன். அந்தப் படலம் இருந்தால் மீட்டர் முள் ஆடாது. நான்கையும் சம இடைவெளியில் ஒரு அக்ரிலிக் கட்டையில் சீப்புப் பல் மாதிரி பதித்தேன். வெளி ஊசி இரண்டும் மின்சாரம் விட. உள் ஊசி இரண்டும் அளக்க மட்டும்.

கறி ராஜபாளையத்துக் காசிம் பாய் கடையிலிருந்து வரும். வாரம் மூன்று நாள். தகரத்தில் ஒரு அச்சு வெட்டிக் கொடுத்திருந்தேன்; அந்த அளவுக்கு, இரண்டு விரல் கனத்தில் பாயே அறுத்துத் தருவார். ஆய்வகத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது மேடத்தின் விதி. பழகாத கை அறுத்தால் தசை நார் நசுங்கிவிடும். பேண்டேஜ் துணியில் சுற்றி, தூக்குவாளியில் வைத்து, பஸ்ஸில் கொண்டுபோவேன்.

நான்கு ஊசிக் கட்டை தயாரான அந்த வாரத்தில் வேறு இரண்டு காரியங்களும் நடந்தன. எனக்குக் கல்யாணம் ஆகி, காயில் கடைக்குப் பின்னால் நான் தங்கியிருந்த அறையைக் காலி செய்து தேவதானத்துக்குப் போனேன். அதனால் ஆடு அறுக்கும் நேரத்துக்கு வர முடியாது. பஸ் பிடித்து வர ஒரு மணி நேரம் தாமதமாகும். பாய் எடுத்து வைத்திருப்பதை வாங்கிக்கொள்வேன். இன்னொன்று, மேடம் ஒரு நாள் பாய் கடையைப் பார்க்க வந்தார். தராசையும் ஈயையும் பார்த்துவிட்டு, "கறி சுத்தமா இருக்கணும் பாய். அதுதான் முக்கியம்" என்றார்.

"நீங்க கவலையே படாதிய தாயி. இனிமே எப்படி வருதுன்னு பாருங்க" என்றார் பாய்.

அன்றிலிருந்து எண்கள் அழகாக வந்தன. திங்கள், புதன், சனி, எல்லாம் ஒன்று போல. முன்பு நார் ஓடும் திசையில் ஊசியை வைத்தால் ஒரு எண், குறுக்கே வைத்தால் வேறு எண் என்று வந்துகொண்டிருந்தது. நேரம் போகப் போக அதுவும் நகரும். இப்போது எப்படி வைத்தாலும் ஒரே எண்தான். முன்பைவிடத் தடை குறைவாக வந்தது. ஊசிமுனைத் தடை ஒழிந்ததால் குறைகிறது என்று நாங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டோம். பெரிய சார் "மறுபடி?" என்பார், அதே எண் வரும். ஒரு நாள் என் பக்கம் திரும்பி, "கட்டை நல்லாப் பண்ணிருக்கய்யா" என்றார். எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யவும் கொடுத்தாகிவிட்டது.

அளந்து முடிந்த கறி என் வீட்டுக்குப் போகும். ஊசி குத்திய இடத்தை வெட்டி எறிந்துவிடுவேன். மேடத்துக்குத் தெரியும், கேட்டதில்லை. என் மனைவி பேச்சியம்மாள் வந்த புதிதிலேயே சொன்னாள், "ஒங்க காலேஜ் கறிக்கு உப்பே கேக்க மாட்டேங்கு" என்று. நல்ல ஆடு என்றேன்.

பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை பாய் கடையநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடையில் அவர் மச்சான். அன்றைக்கென்று எனக்கும் முதல் பஸ் கிடைத்துவிட்டது. கடையில் இருந்த அச்சை எடுத்துக் கொடுத்தேன், என் கண் முன்னால் அறுத்துக் கொடுத்தார். ஆய்வகத்தில் வைத்து அளந்தால் எண் தாறுமாறு. நெடுக ஒன்று, குறுக்கே வேறொன்று. தடையும் மிக அதிகம். ஊசியைக் கழுவினோம், பேட்டரியை மாற்றினோம், வயரை மாற்றினோம். அப்படியேதான் வந்தது.

"ஒரு நாள்தானே. அத விட்டுரும்மா" என்றார் பெரிய சார்.

அந்தக் கறியையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ராத்திரி ஒரு வாய் சாப்பிட்டதும் பேச்சியம்மாள், "என்ன இது, சப்புன்னு இருக்கு? எப்பவும் போடுற மாதிரிதான் போட்டேன்" என்றாள்.

"எப்பவும் எம்புட்டு உப்பு போடுவ?"

"மத்த கொழம்புக்குப் போடுறதுல பாதிதான் போடுவேன். ஒங்க காலேஜ் கறியிலதான் உப்பு இருக்குமே."

ஆட்டில் அவ்வளவு உப்பு இருக்காது. இருந்தால் எல்லா ஆட்டிலும் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பாய் திரும்பி வந்திருந்தார். முதல் பஸ்ஸிலேயே போய் நின்றேன். கடைக்குப் பின்னால் ஒரு வாளி. அதில் எங்கள் அச்சு அளவில் அறுத்த துண்டுகள் மிதந்தன.

"இது என்ன பாய்?"

"ஒங்க கறிதான்லே. கல்லுப்புத் தண்ணி. நீ வர நேரமாகுதுல்லா, ஈ மொச்சிரக் கூடாதேன்னு ஊறப் போட்டு வைக்கேன். பொறவு துணியில ஒத்தி எடுத்துத் தருவேன். கல்யாண ஆர்டருக்கு வெளியூர் போற கறிக்கெல்லாம் இப்படித்தான் செய்வோம்."

"எத்தன நாளா?"

"அந்தத் தாயி வந்து சுத்தமா வேணும்னு சொன்னாகள்ல, அன்னையிலேருந்து. ஒரு நாள் தவறல. ஏன், நாத்தம் கீத்தம் வந்துச்சா?"

இல்லை பாய் என்றேன். அவருடைய முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபின் வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. மேடம் சுத்தம் என்றது, எதுவும் கலக்காமல், ஆட்டில் இருந்தபடியே என்ற பொருளில். பாய்க்குச் சுத்தம் என்றால் அலசியது.

அன்று இரண்டு துண்டுகள் வாங்கிப் போனேன். ஒன்று வாளியிலிருந்து, ஒன்று நேராகக் கத்தியிலிருந்து. மேடத்தின் முன் இரண்டையும் அளந்து காட்டினேன். உப்பில் ஊறியதில் பழைய அழகான எண். ஊறாததில் சனிக்கிழமை வந்த தாறுமாறு. மின்சாரம் தசைக்குள்ளே போகவே இல்லை. மேலே படிந்த உப்பு ஈரத்தின் வழியாகச் சுலபமாக ஓடிவிட்டிருக்கிறது. உப்புத் தண்ணீரில் நார் கிடையாது, நெடுக்கு குறுக்கும் கிடையாது. அதனால்தான் எப்படி வைத்தாலும் ஒரே எண்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டச்சு செய்த கட்டு மேசையில் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டுந்தான தெரியும்?"

யோசித்துத்தான் பதில் சொன்னேன். "பாய்க்குத் தெரியும். அவரு மச்சானுக்கும் தெரிஞ்சிருக்கும். எங்க வீட்டுல பேச்சியம்மாளுக்கு நமக்கு முந்தியே தெரியும்."

அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்தது. "அப்ப ராஜபாளையத்துல பாதிப் பேருக்குத் தெரியும்" என்று எழுந்தார். "வாங்க, சார்கிட்ட சொல்லிருவோம்."

பெரிய சார் கண்ணை மூடாமல் கேட்டார். கேட்டு முடித்து என்னைப் பார்த்தார்.

"ஏமய்யா குருசாமி, ஆய்வேடு போயிட்டா ஒனக்கு வேலை இல்ல. அப்படித்தான?"

"ஆமா சார்."

"இப்ப மறுபடி அளக்கணும்னா ஒனக்கு இன்னும் மூணு மாசம் வேலை உண்டு."

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"எது உப்புல ஊறுனதுன்னு பாக்காமலே சொல்லுதேன். நீங்களே வச்சுப் பாருங்க சார்" என்றேன்.

புதன்கிழமை ஊறாத துண்டுகள் ஆறு கொண்டுவந்தேன். பெரிய சார் என்னையும் மேடத்தையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டார். அத்தனை வருடங்களில் கறியைத் தொடாத மனிதர், இடுக்கியால் எடுத்து எடுத்து என்னவோ செய்கிற சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஆறு துண்டும் துடைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண் எழுதிய சீட்டோடு தட்டில் வரிசையாக இருந்தன. பார்வைக்கு வித்தியாசமில்லை.

ஒவ்வொன்றிலும் கட்டையை நெடுக வைத்தேன், குறுக்கே வைத்தேன். மேடம் எண்ணை எழுதினார். ஒன்று, உப்பு. இரண்டு, இல்லை. மூன்று, இல்லை. நான்காவதில் நின்றுவிட்டேன். நெடுக்குக்கும் குறுக்குக்கும் வித்தியாசம் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். திரும்ப வைத்தேன். அதேதான். தப்பாகச் சொன்னால் வேலை போவது ஒருபுறம். மேடம் பொய் எண்ணோடு போய்விடுவார்.

"இது எனக்குத் தெரியல சார். ரெண்டுலயும் சேராம இருக்கு" என்றேன். ஐந்து உப்பு, ஆறு இல்லை என்று முடித்தேன்.

பெரிய சார் சட்டைப் பையிலிருந்து தன் சீட்டை எடுத்து மேடத்திடம் கொடுத்தார். அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் சொன்ன ஐந்தும் சரியாக இருந்தன. நான்குக்கு நேரே, "முக்கி உடனே எடுத்தது" என்று எழுதியிருந்தார்.

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். "முப்பது வருஷமா 'மறுபடி, மறுபடி'ன்னு கேட்டுருக்கேன். என்னத்த அளக்கோம்னு ஒரு நாளும் கேக்கலயே" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு மேடத்திடம், "எட்டு மாசத்தையும் தூக்கிப் போட்டுராதம்மா. உப்புன்னு ஒரு அத்தியாயம் எழுது. மிச்சத்த மே மாசத்துக்குள்ள அளந்துருவியா?" என்றார்.

அளப்போம் என்றோம். ஆனால் பஸ்ஸில் கொண்டுபோகும் நேரத்துக்குள்ளேயே எண் நகர்ந்துவிடுகிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது. அதனால் மேடம் ஆய்வகத்தையே பாய் கடைக்குக் கொண்டுவந்தார். தினமும் காலையில் கறி வெட்டும் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் பேட்டரியில் ஓடும் கருவி, ஒரு தெர்மாமீட்டர், ஒரு கைக்கடிகாரம். அறுத்த நிமிடத்தைப் பாய் சத்தமாகச் சொல்வார். அதிலிருந்து ஐந்தாவது நிமிடம், பத்தாவது நிமிடம் என்று அளப்போம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் திசை, நிமிடம், சூடு மூன்றும் எழுதியாக வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மேடம் அந்த வரியை அடித்துவிடுவார்.

கறி வாங்க வந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை.

"என்ன பாய், ஆட்டுக்கு ஈசிஜி எடுக்காவளா?"

"ஆமா. ஆடு நல்லாருக்குன்னு டாக்டரம்மா சொன்னாத்தான் ஒமக்குக் கறி."

"செத்த பொறவு நல்லாருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"வாய மூடிட்டு நில்லும். எட்டாவது நிமிஷம் ஓடுது."

வாளியில் உப்பு போட்டதற்காகப் பாய் மேடத்திடம் வருத்தம் தெரிவித்தார். தான் சொன்ன வார்த்தைதான் தப்பு என்றார் மேடம். பேச்சியம்மாள் மறுபடி முழு உப்பு போட ஆரம்பித்தாள்.

மே மாதம் கடைசி வாரத்தில் ஒரு நாள் பெரிய சார் கையெழுத்திட்டார். புது எண்கள் பழையவை போல அழகாக இல்லை. ஆட்டுக்கு ஆடு வித்தியாசம், திசைக்குத் திசை வித்தியாசம். ஒரே எண் இருந்த இடத்தில் ஒரு பக்கம் முழுக்க அட்டவணை. இதை வெளியூர்த் தேர்வாளர் ஏற்பாரா என்ற பயம் மேடத்துக்குக் கடைசிவரை இருந்தது. ஆய்வேடு போன அன்றோடு என் வேலையும் முடிந்தது. திருப்பூரில் ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து மேடத்திடமிருந்து கடிதம் வந்தது: வாய்மொழித் தேர்வு, வாருங்கள் என்று. லீவு கிடைக்கவில்லை, சொல்லாமல் வந்தேன். கல்லூரி அரங்கில் கடைசி வரிசையில் நானும் காசிம் பாயும் உட்கார்ந்தோம். பாய் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வேட்டி கட்டிய பெரிய சார் முன்வரிசையில்.

தேர்வாளர் அந்த அட்டவணையை இப்படியும் அப்படியும் புரட்டினார். அவருக்குத் திருப்தி இல்லை என்பது எங்களுக்கே தெரிந்தது. பாய் என் தொடையைக் கிள்ளினார்.

"இவ்வளவு எண்ணை வச்சுக்கிட்டு ஒரு கருவி செய்றவர் என்ன பண்ணுவார்? ஆட்டுத் தொடைக்குன்னு நம்பகமா ஒரே ஒரு எண் உங்களால சொல்ல முடியாதா?" என்று தேர்வாளர் கேட்டார்.

மேடம் தண்ணீர் குடித்தார். தம்ளரை வைத்தார்.

"ஒரே எண் இருந்துச்சு சார். எட்டு மாசம் மாறவே இல்ல. அது உப்புத் தண்ணியோட எண். அஞ்சாவது அத்தியாயத்துல இருக்கு."

தேர்வாளர் ஐந்தாவது அத்தியாயத்தைத் தேடி எடுத்தார். நின்றபடியே படித்தார். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் திருப்பினார். முன்வரிசையில் இருந்த பெரிய சார்தான் முதலில் சிரித்தார். தேர்வாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, தனக்கு வேறு கேள்வி இல்லை என்றார்.